ஒரே வாசல், ஒரே ஆள்: குடும்ப சேவை மையம் என்பது என்ன?

செம்பனைக் காட்டில் குலை வெட்டும்போது கணவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு 35 வயது. மூன்று பிள்ளைகள். கடைக்குட்டிக்கு நான்கு வயதாகியும் பேச்சு சரியாக வரவில்லை. இருப்பது எஸ்டேட் வீடு. மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பட்டணத்துக்கு மோட்டாரில் இருபது நிமிடம், ஆனால் மோட்டாரை ஓட்டியவர் இப்போது இல்லை.

இது கற்பனைக் குடும்பம்தான். இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்கள் படித்தால் அவரவருக்குத் தெரிந்த ஒரு வீடு ஞாபகத்துக்கு வரும்.

கருமாதி முடிந்த மறுநாள் இந்த அம்மாவுக்கு என்னென்ன தேவைப்படும்? மரணச் சான்றிதழுக்குத் தேசியப் பதிவு இலாகா. வேலையிடத்தில் நடந்த மரணம் என்பதால் சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். அங்கே சார்ந்திருப்போர் உதவித்தொகை உண்டு. மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு என்று 1969-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சேமநிதிப் பணத்துக்கு ஈபிஎஃப். இறந்தவர் அங்கே யார் பெயரையும் குறிப்பிடாமல் போயிருந்தால் வேலை இரட்டிப்பாகும். பிள்ளைகளுக்கான மாத உதவிக்குச் சமூகநல இலாகா. கடைக்குட்டியை முதலில் அரசாங்க கிளினிக்கில் காட்ட வேண்டும். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம், அதன் பிறகு தேவைப்பட்டால் ஓ.கே.யூ. கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை), அதற்கு மறுபடியும் சமூகநல இலாகா. பெரிய பிள்ளைகள் இருவருக்கும் பள்ளியில் இலவச உணவுத் திட்டத்தில் பெயர் சேர்க்க வேண்டும். எஸ்டேட் வீட்டில் எத்தனை மாதம் இருக்கலாம் என்று மேனேஜரிடம் கேட்க வேண்டும். இதற்கெல்லாம் நடுவில் அழுவதற்கும் கொஞ்சம் நேரம் வேண்டும்.

சுங்கை சிப்புட் இருப்பது குவாலா கங்சார் மாவட்டத்தில். மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்குக் குவாலா கங்சார் போக வேண்டும். சொக்சோ, ஈபிஎஃப் என்றால் ஈப்போ. ஒன்று வடக்கே, மற்றது தெற்கே. 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். நாள் சம்பளத்துக்குப் போகிறவர் ஓர் ஆபிசுக்குப் போய்வந்தால் அந்த 65 வெள்ளி போனதுதான். பஸ் காசு தனி. பஸ் கிடைக்காமல் கிராப் வாடகைக் கார் எடுத்தால் அது வேறு கணக்கு. "இந்தத் தாள் இல்லை, நாளைக்கு வாங்க" என்று கவுண்டரில் சாதாரணமாகச் சொல்லும் ஒரு வார்த்தைக்கு இந்த வீட்டில் இன்னொரு 65 வெள்ளி விலை.

இல்லாத அந்தத் தாள் பெரும்பாலும் எது தெரியுமா? கல்யாணப் பதிவுச் சான்றிதழ்.

நம் ஆட்களிடம் இது பழைய நோய். கோவிலில் தாலி கட்டியாயிற்று, ஐயர் மந்திரம் சொன்னார், ஊரே வந்து சாப்பிட்டது, ஆல்பம்கூட அலமாரியில் இருக்கிறது. பதிவு மட்டும் நடக்கவில்லை. முஸ்லிம் அல்லாதவர்களின் கல்யாணத்தைச் சட்டப்படி பதிய வேண்டும் என்ற 1976-ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் "தாலி கட்டினாப் போதாதா?" என்று கேட்கிற வீடுகள் உண்டு. துணைப் பதிவதிகாரி உள்ள கோவிலாகப் பார்த்துக் கல்யாணத்தை வைத்திருந்தால் மணவறையிலிருந்து இறங்கிய கையோடு கையெழுத்துப் போட்டு முடித்திருக்கலாம். முடிக்காததால், மனைவி என்று நிரூபிக்க முடியாமல் சொக்சோ கவுண்டர் முன்னால் நிற்க வேண்டிவருகிறது. அதைவிட மோசமான நிலையும் உண்டு. அம்மாவுக்கே ஐசி (அடையாள அட்டை) இல்லை என்றால், பதிவில்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்கு அப்பாவின் நீல ஐசி, அதாவது குடிமகனுக்கான அட்டை, கைகொடுக்காது. சட்டம் அம்மாவின் நிலையைத்தான் பார்க்கும். பிள்ளையின் குடியுரிமையே தொங்கலில் நிற்கும்.

ஆக, ஒரு மரணம் ஏழெட்டு இலாகாக்களைத் தொடுகிறது. ஒரே ஒரு பழைய தாள் அத்தனையையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. சொக்சோ அதிகாரி தன் வேலையைச் சரியாகச் செய்கிறார். பதிவு இலாகாவில் இருப்பவரும் அப்படித்தான். கிளினிக் மிஸ்ஸியும் (நர்ஸ்) அப்படித்தான். இவர்களில் யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது. இந்தக் குடும்பத்தை முழுசாகப் பார்க்கிற ஆள்தான் எங்கேயும் இல்லை. அந்த ஆளை வைப்பதற்கென்றே உண்டான ஏற்பாட்டைத்தான் குடும்ப சேவை மையம் என்கிறோம். சமூகத்துக்குப் பக்கத்திலேயே ஓர் இடம். அங்கே குடும்பம் தன் கதையை ஒரு முறை சொன்னால் போதும். நலத்துறை, சுகாதாரம், பள்ளி, வேலை, சட்டம், ஆலோசனை என்று சம்பந்தப்பட்ட எல்லாரும் அந்த ஒரு வாசல் வழியாக ஒருங்கிணைந்து வேலை செய்வார்கள்.

இதற்கு மேல் சொல்வதெல்லாம் அந்த "ஒருங்கிணைந்து" என்ற வார்த்தைக்கு விளக்கம்தான். போர்டு எழுதுவது சுலபம் என்பதால், ஏமாறக்கூடிய இடமும் அதுதான்.

முன்பு எஸ்டேட்டில் எப்படி இருந்தது

நம் தாத்தா பாட்டிக்கு இது புது விஷயமாகவே தோன்றாது. எஸ்டேட் என்பதே ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. லயத்துக்குப் பக்கத்தில் ஆயாக்கொட்டகை. அம்மாக்கள் விடியும் முன் பிள்ளையை அங்கே விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போவார்கள். நடந்துபோகிற தூரத்தில் டிரஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) இருக்கும் ஆஸ்பத்திரி. தமிழ்ப்பள்ளி. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் எஸ்டேட் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. கோவில், மளிகைக் கடை, சம்பளம் போடும் ஆபிஸ் எல்லாம் ஒரே வேலிக்குள். எந்தக் காகித வேலை என்றாலும் கிராணி எனப்படும் எழுத்தர். அவருக்கு ஒவ்வொரு வீட்டுக் கதையும் தெரியும், தெரியக்கூடாததும் தெரியும்.

இதைச் சொல்லிச் சிலர் பெருமூச்சு விடுவார்கள். நான் விடமாட்டேன். அந்த ஒரே கூரைக்குச் சாவி துரையிடம், அதாவது எஸ்டேட் மேனேஜரிடம், இருந்தது. வேலை போனால் வீடும் போகும். வீடு போனால் பிள்ளையின் பள்ளி, டிரஸ்ஸர், கடைக்கணக்கு எல்லாம் கூடவே போகும். மண்டோரை (மேஸ்திரியை) எதிர்த்துப் பேசியவருக்கு மருந்து கிடைப்பதுகூடத் தள்ளிப்போகலாம். சேவை உரிமையாக வரவில்லை, வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

பிறகு எஸ்டேட்டுகள் துண்டாடப்பட்டன. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கியபோது தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். சுங்கை சிப்புட்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்குவதற்காக 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதற்குக் காரணமே அதுதான். அதற்குப் பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புத் தாமான்கள் ஆயின. ஜனங்கள் பட்டணத்து ஓரத்துக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். வேலி போனது நல்லதுதான். கூடவே பக்கத்தில் இருந்த சேவைகளும் போய்விட்டன. ஆயாக்கொட்டகைக்குப் பதில் காசு கட்டும் தஸ்கா, டிரஸ்ஸருக்குப் பதில் நம்பர் எடுத்து உட்காரும் கிளினிக், கிராணிக்குப் பதில் யார் என்றால், யாருமில்லை.

முழுசாக யாருமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. அந்த இடத்துக்குக் கட்சிக் கிளைத் தலைவர் வந்தார், சட்டமன்ற நாடாளுமன்ற உறுப்பினர்களின் சேவை மையம் வந்தது. சுங்கை சிப்புட்டை 1974 முதல் 2008 வரை சாமிவேலுவும், அடுத்த பத்தாண்டு டாக்டர் ஜெயக்குமாரும் நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்தார்கள். கட்சி எதுவானாலும் இங்குள்ள ஜனங்களுக்கு "ஒய்.பி. ஆபிஸ்" என்பது பாரம் (விண்ணப்பப் படிவம்) நிரப்பித் தருகிற இடம், கடிதம் எழுதித் தருகிற இடம், போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட வருகிற ஆள் கிடைக்கிற இடம். அங்கே உட்கார்ந்து பிளாஸ்டிக் ஃபைலைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் பார்த்து "அக்கா, இது போட்டோகாப்பி, ஒரிஜினல் எங்க?" என்று கேட்கிற அந்தத் தம்பியோ தங்கச்சியோ, சம்பளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சமூகசேவகர் வேலையைத்தான் செய்கிறார்கள். அதற்குரிய பயிற்சியும் அதிகாரமும்தான் அவர்களிடம் இல்லை. தேர்தலில் ஆள் மாறினால் ஃபைல் எங்கே போகும் என்பதும் தெரியாது.

மூன்று வகை மையங்கள்

மலேசியாவில் "ஒரே இடச் சேவை" என்ற பெயரில் பல ஏற்பாடுகள் இருக்கின்றன. எல்லாம் ஒன்றில்லை.

முதல் வகை, எல்லாருக்கும் தெரிந்த யூ.டி.சி. முதல் நகர உருமாற்ற மையம் 2012-ல் மலாக்காவில் திறக்கப்பட்டது. பிறகு ஈப்போ உட்பட மற்ற நகரங்களுக்கும் வந்தது. கிராமப்புறத்துக்கென்று ஆர்.டி.சி. என்று ஒன்று, பேராக்கில் அது கோப்பெங்கில் இருக்கிறது. ஐசி மாற்றலாம், லைசென்ஸ் புதுப்பிக்கலாம், பாஸ்போர்ட் எடுக்கலாம், ஒரே கட்டடத்தில் முடிந்துவிடும். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது பசார் மாலாம் (இரவுச் சந்தை) மாதிரி. எல்லாக் கடையும் ஒரே தெருவில் இருக்கும், ஒவ்வொரு கடைக்கும் தனிக் கல்லா. ஒரு கவுண்டரில் அழுதுகொண்டே சொன்ன கதையை அடுத்த கவுண்டரில் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். எந்தக் கவுண்டருக்குப் போக வேண்டும் என்று முன்பே தெரிந்தவருக்குத்தான் அது பயன்படும். நம் கற்பனைக் குடும்பத்து அம்மாவுக்கு அதுவே தெரியாது.

இரண்டாவது வகை நெருக்கடிக்கானது, இதில் மலேசியா முன்னோடி. வீட்டில் அடி வாங்கிய பெண், பாலியல் கொடுமைக்கு ஆளானவர், கொடுமைப்படுத்தப்பட்ட குழந்தை ஆகியோருக்காக 1994-ல் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் ஓ.எஸ்.சி.சி. என்ற மையம் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் மற்ற அரசாங்க மருத்துவமனைகளுக்கும் அதை விரிவாக்கச் சுகாதார அமைச்சு முடிவெடுத்தது; பிறகு ஆசியாவின் வேறு நாடுகளும் இந்த முறையைப் பின்பற்றின. வேலை நடக்கும் விதம் கவனிக்கத்தக்கது. அவசரப் பிரிவுக்கு வருகிற பெண்ணை மற்ற நோயாளிகளோடு வரிசையில் நிறுத்தாமல் தனி அறைக்கு அழைத்துப்போவார்கள். டாக்டர் அங்கே வருவார். போலீஸ் அங்கே வரும். நலத்துறை அதிகாரியும் ஆலோசகரும் அங்கேதான் வருவார்கள். அந்தப் பெண் நாற்காலியை விட்டு எழ வேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் நீதிமன்றம் திறக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம்: சமூகநல அதிகாரியே ஏழு நாளுக்குச் செல்லுபடியாகும் அவசரப் பாதுகாப்பு ஆணையைக் கொடுக்கலாம். குடும்ப வன்முறைச் சட்டத்தில் 2017-ல் செய்த திருத்தம் அந்த அதிகாரத்தைத் தந்தது.

பெரிய ஆஸ்பத்திரிகளில் இது நன்றாக நடக்கிறது. சின்ன ஊர்களில் அறை இருக்கும், ஆனால் இரவில் கூப்பிட்டால் வர ஆலோசகர் இருக்கமாட்டார் என்ற குறையை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். இந்தியாவில் 2015-ல் தொடங்கிய "சகி" மையங்களும் 181 என்ற உதவி எண்ணும் இதே வழியில் வந்தவை.

மூன்றாவது வகைதான் இந்தக் கட்டுரையின் விஷயம். நெருக்கடி முற்றுவதற்கு முன்பே, குடியிருப்புக்கு நடுவிலேயே, குழந்தை வளர்ப்பு முதல் கடன் தொல்லை வரை பேசக்கூடிய மையம். மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் உள்ளூர்ச் சமூக ஆதரவு மையங்கள் இந்தத் திசையில் வைத்த அடி. பக்கத்து ஊர் உதாரணம் வேண்டுமென்றால் சிங்கப்பூர். 2013 முதல் அங்கே வட்டாரத்துக்கு வட்டாரம் சமூகசேவை அலுவலகங்களைத் திறந்தார்கள். தாமான் ஜூரோங்கில் பண உதவி, வேலை தேடல், குடும்ப ஆலோசனை ஆகியவற்றை ஒரே அலுவலகத்தில் சேர்த்துப் பார்த்தார்கள். இன்னும் பின்னால் போனால் 1889-ல் சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ். குடியேறி வந்த தொழிலாளர் குடும்பங்களுக்காகக் குழந்தைக் காப்பகம், மாலை வகுப்பு, கைத்தொழில் என்று ஒரே வீட்டில் நடந்தது. கடல் கடந்து கூலிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு அது புரியாத கதையில்லை.

உள்ளே என்ன நடக்கும்

கடைவீட்டின் கீழ்த்தளத்தில் அப்படி ஒரு மையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன அம்மா கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறார். சொக்சோ பணம் கேட்கத்தான் வந்திருக்கிறார். வேறொன்றும் சொல்ல நினைக்கவில்லை.

சாதாரண கவுண்டர் என்றால் "சொக்சோவா? ஈப்போ போங்க" என்று முடிந்துவிடும். இங்கே ஒருவர் உட்காரச் சொல்கிறார். தமிழில் பேசுகிறார். பிள்ளைக்கு விளையாட ஏதாவது கொடுத்துவிட்டு, பாரத்தை எடுப்பதற்கு முன் கதையைக் கேட்கிறார். இடையிடையே பிள்ளையைக் கவனிக்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா? வேண்டியதைக் கையால் காட்டுகிறதா? நான்கு வயதுப் பிள்ளையின் பேச்சைப் பற்றி அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இவர் குறித்துக்கொள்கிறார். காதில் குறையா, வேறு காரணமா என்று சீக்கிரம் பார்த்துவிட்டால் பள்ளிக்கூடம் போவதற்கு முன் பயிற்சிக்கு நேரம் கிடைக்கும். ஒன்றைக் கேட்க வந்தவரிடம் மற்றதையும் காண்பது இந்த மையத்தின் உயிர். ஆங்கிலத்திலும் மலாயிலும் இந்த ஆளுக்குப் பல பெயர்கள் உண்டு; நாம் குடும்பத் துணையாளர் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து அவர் கேட்பது அனுமதி. "நீங்க சொன்னதை நான் கிளினிக்கிலும் நலத்துறையிலும் சொல்லலாமா? எதைச் சொல்லக்கூடாது?" இது சடங்குக்கான கேள்வி இல்லை. சின்ன ஊரில் மானம் பெரிய விஷயம். கவுண்டரில் இருப்பவர் கோவில் கமிட்டித் தலைவரின் மருமகளாக இருக்கலாம். கல்யாணம் பதிவாகவில்லை என்பது வெளியே தெரிந்தால் பிள்ளைகளைப் பற்றி என்ன பேசுவார்களோ என்ற பயம் அந்த அம்மாவுக்கு இருக்கும். கணவருக்குச் சம்சு (மலிவுச் சாராயம்) குடிக்கும் பழக்கம் இருந்திருந்தால் அதையும் மறைக்கப் பார்ப்பார். கதவு சாத்திப் பேசும் அறை இல்லாத மையத்துக்கு ஜனங்கள் ஒரு முறை வருவார்கள், இரண்டாம் முறை வரமாட்டார்கள். எத்தனை இலாகா, எத்தனை கம்ப்யூட்டர் என்று எண்ணுவதற்கு முன் நான் அந்தக் கதவைத்தான் பார்ப்பேன்.

பிறகு வரிசை. எதை முதலில் செய்வது? குடும்பத்துக்கு எல்லாமே அவசரமாகத் தெரியும். தாள்களுக்கோ தங்களுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு: மரணச் சான்றிதழ் இல்லாமல் சொக்சோ நகராது, கல்யாணத்துக்கான ஆதாரம் இல்லாமல் மனைவியின் பங்கு நகராது. எனவே துணையாளர் முதலில் பதிவு இலாகாவோடு பேசுகிறார்; கல்யாணப் பதிவு விஷயத்துக்குச் சட்ட உதவி இலாகாவில் நேரம் வாங்குகிறார். அது மாதக்கணக்கில் இழுக்கும் என்று தெரிந்ததால், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை வைத்து அவர்களுடைய பங்குக்குத் தனியாக விண்ணப்பிக்க வழி இருக்கிறதா என்று சொக்சோவிடம் கேட்கிறார். மாத உதவிப் பாரம் அன்றைக்கே போகிறது. பள்ளிக்கு ஒரு போன். தலைமையாசிரியருக்கு விஷயம் தெரிந்தால் சாப்பாட்டுத் திட்டத்துக்குப் பிள்ளைகள் தாங்களாகவே கை தூக்க வேண்டியதில்லை.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. முகவரி எழுதிய துண்டுத்தாளைக் கொடுத்து அனுப்பினால், போகிறவர்கள் பாதி வழியில் நின்றுவிடுவார்கள். மையத்திலிருந்தே கிளினிக்குக்குப் போன் செய்து, "இன்னார் செவ்வாய்க்கிழமை காலை வருகிறார், உங்களிடம் யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லி அனுப்பினால் போவார்கள். சில மையங்களில் துணையாளரே கூடப் போவார். ஆலோசகர், சட்ட உதவி அதிகாரி, சொக்சோ அதிகாரி போன்றோர் எல்லா நாளும் இந்தச் சின்ன ஊரில் உட்கார முடியாது. மாதத்தில் இன்ன நாள் இன்னார் வருவார் என்று அட்டவணை போட்டுவிட்டால் போதும். அந்த நாளில் வருகிற பத்துப் பேருக்காக ஒருவர் ஈப்போவிலிருந்து வருவது, பத்துப் பேரும் ஈப்போவுக்குப் போவதைவிட மலிவு.

கடைசியாக, போன் வர வேண்டும். "அக்கா, சொக்சோலேர்ந்து கடிதம் வந்துச்சா?" இந்தப் பின்தொடர்தல் இல்லாத இடத்தை மையம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

கம்ப்யூட்டர் போதுமா?

"எல்லா இலாகாவும் ஒரே தரவுத்தளத்தில் சேர்ந்துவிட்டால் இந்த ஆள் எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2024 ஜனவரியில் பாடு என்ற மத்தியத் தரவுத்தளம் தொடங்கியது. அந்த ஆண்டு மார்ச் கடைசி வரை எல்லாரும் தங்கள் விவரத்தைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அரசாங்க நிறுவனங்கள் தங்களுக்குள் தரவு பகிர்ந்துகொள்வதற்கான சட்ட மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வறுமைக் குடும்பங்களுக்கென்று ஈகாசே பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. ரஹ்மா உதவித்தொகை மைகாட் அடையாள அட்டை வழியாகவே மளிகைக் கடைக்கு வந்துவிட்டது. இதெல்லாம் வேலையைக் குறைக்கும், சந்தேகமில்லை.

ஆனால் தரவுத்தளம் தன்னிடம் இருப்பதைத்தான் காட்டும். பதியாத கல்யாணமும் பதியாத பிள்ளையும் அதில் இல்லவே இல்லை. தீபகற்பத்தில் குழந்தை பிறந்து 60 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் தாமதப் பதிவு, சாட்சி, விசாரணை என்று நீளும். அந்த 60 நாள் தாண்டியது எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது, பக்கத்து வீட்டுக்குத்தான் தெரியும். ஈமெயிலும் கடவுச்சொல்லும் கேட்கும் இணையப் பக்கத்தின் முன்னால் எழுபது வயதுப் பாட்டி என்ன செய்வார்? பேரனைக் கூப்பிடுவார். பேரன் சிங்கப்பூரில் வேலையில் இருந்தால்?

அதனால் மையத்தின் நேரம்கூட ஊரைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். பால்மரம் வெட்டுகிறவருக்கு மதியத்துக்கு மேல் கை ஓயும். குலை வெட்டுகிறவர் மூன்று மணிக்கு மேல்தான் குளித்துவிட்டு வருவார். ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை செய்கிற பெண்ணுக்குக் காலை எட்டு மணியில் பாதித் தூக்கம். எட்டு முதல் ஐந்து என்று ஆபிஸ் நேரம் போட்டால் வேலையில்லாதவர் மட்டும் வருவார். வேலைக்குப் போகும் ஏழைக் குடும்பம் கதவைப் பூட்டிய பிறகுதான் வந்து சேரும். மாலை நேரமும் ஞாயிறு காலையும் இல்லாத மையம் எஸ்டேட் ஊருக்கு ஏற்றதில்லை என்பது என் எண்ணம்.

இடமும் அப்படித்தான். தமிழ்ப்பள்ளியின் ஓர் அறை, கிளினிக்கின் பக்கத்து அறை, சந்தைக்கு எதிரே உள்ள கடைவீடு என்று, வேறு வேலையாக வருகிறவர்களும் எட்டிப்பார்க்கிற இடமாக இருக்க வேண்டும். கோவில் மண்டபம் வசதிதான். ஆனால் எல்லா இனத்தாரும் எல்லாச் சமயத்தாரும் தயங்காமல் நுழையும் வாசல் வேண்டும். சுங்கை சிப்புட்டின் உட்பகுதியில் ஓராங் அஸ்லி எனப்படும் பழங்குடி மக்களின் கிராமங்கள் இருக்கின்றன. அவர்களுடைய அலைச்சல் நம்முடையதைவிடப் பெரியது.

பலன் எப்போது தெரியும்

இதற்கு நல்ல சாட்சி பிரிட்டன். 1998-ல் அங்கே "ஷூர் ஸ்டார்ட்" திட்டத்தை அறிவித்தார்கள். ஏழைக் குடும்பங்கள் வாழும் வட்டாரங்களில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குச் சுகாதாரம், குழந்தைக் காப்பகம், பெற்றோர் ஆலோசனை, வேலை தேட உதவி எல்லாம் ஒரே மையத்தில். 2010 வாக்கில் இங்கிலாந்தில் ஏறக்குறைய 3,600 மையங்கள் இருந்தன. பிறகு அரசாங்கம் செலவைக் குறைத்தது. நிதி மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போனது, பல மையங்கள் மூடப்பட்டன. அதற்கப்புறம்தான் நீண்டகாலப் பலனைக் காட்டும் ஆய்வு முடிவுகள் வரத் தொடங்கின. மையத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள் பதின்ம வயதில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுவது குறைந்திருந்தது. 2024-ல் வந்த ஆய்வின்படி 16 வயதுப் பரீட்சையிலும் அவர்கள் மேலாகச் செய்தார்கள், அதிலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் முன்னேறினார்கள்.

மையத்தைத் திறந்தவர்களுக்கும் மூடியவர்களுக்கும் அந்தப் பலனைப் பார்க்கப் பொறுமை இல்லை. நம் ஊரிலும் இது நடக்கக்கூடியதே. ரிப்பன் வெட்டும் நாளில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவார்கள். இரண்டாம் ஆண்டு அந்தத் துணையாளரின் வேலை நீட்டிக்கப்பட்டதா என்று யாரும் கேட்பதில்லை. ஒப்பந்த வேலையில், குறைந்த சம்பளத்தில், ஒருவர் தலையில் நூறு குடும்பத்தைக் கட்டினால் அவர் ஆறு மாதத்தில் ஓடிவிடுவார். அவரோடு நூறு குடும்பத்தின் கதையும் போய்விடும். அடுத்தவர் வந்து மறுபடி முதலிலிருந்து கேட்பார்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு மையம் இருந்தாலோ திறக்கப்போவதாகச் சொன்னாலோ, போய்க் கேட்டுப்பாருங்கள். என் குடும்பத்துக்குப் பொறுப்பாக ஒருவர் இருப்பாரா, அவருடைய பெயர் என்ன? நான் சொல்வதை யாரிடமெல்லாம் சொல்வீர்கள்? அடுத்த முறை எப்போது, யார் கூப்பிடுவீர்கள்? பதில் மழுப்பலாக வந்தால் அது கவுண்டர் மட்டும்தான். அதற்கும் உபயோகம் உண்டு, ஆனால் அதற்குத் தகுந்தபடிதான் எதிர்பார்க்க வேண்டும்.

மையம் எதுவும் இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு இப்போதைக்கு உள்ள வாசல் தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண், 15999. இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள். அடிதடி, குழந்தைக் கொடுமை, கைவிடப்பட்ட முதியவர், சாப்பாட்டுக்கு வழியில்லாத குடும்பம் என எதுவானாலும் மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்குத் தகவல் போகும். கூப்பிடும்போது தேதியையும் பேசியவர் பெயரையும் ஒரு தாளில் எழுதி அந்தப் பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு வையுங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஐசி நகல், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சொக்சோ எண், இருந்தால் கல்யாணச் சான்றிதழ் எல்லாம் அதே ஃபைலில் இருக்கட்டும். கல்யாணம் இன்னும் பதியவில்லை என்றால், இருவரும் நலமாக இருக்கும்போதே பதிவு இலாகாவுக்கு ஒரு நாள் போய்வருவதுதான் முதல் வேலை.